கச்சேரியும் ஆவணப்படமும்: பல்கலைக்கழக அரங்கில் ஆப்பிரிக்க இசை



உலகின் பல பல்கலைக்கழகங்களில் ஆப்பிரிக்க இசை விழா நடக்கும் விதம் நாம் அறிந்ததே. பன்னாட்டு மாணவர் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குவார்கள். மேடையில் முழவுகள் வரிசையாக நிற்கும். வண்ண உடைகளில் கலைஞர்கள் வருவார்கள். சிறிது நேரத்தில் அரங்கமே எழுந்து ஆடும். நன்றியுரையோடு எல்லாம் முடிந்துவிடும். அதே வளாகத்தில் இன்னொரு துறை, இன்னொரு நாளில், ஆப்பிரிக்காவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் திரையிடும். அங்கே வருகிறவர்கள் வேறு, பேசப்படுவதும் வேறு: போர், பஞ்சம், அகதிகள், ஆட்சிக் கவிழ்ப்பு. கொண்டாட்டத்தை ஒரு கூடத்திலும் துயரத்தை மற்றொரு கூடத்திலும் வைத்து ஒரு கண்டத்தையே இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். இவை இரண்டும் ஒரே நிகழ்ச்சியாக நடக்க வேண்டும் என்பதே இன்றைய என் வாதம். மேடை மறைப்பதைப் படம் காட்டும். படம் திரிப்பதை மேடையில் நிற்கும் கலைஞர் திருத்துவார். இந்த இரண்டையும் ஓரிடத்தில் வைத்து, அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் ஏற்கக்கூடிய நிறுவனம் பல்கலைக்கழகம்தான்.

மேடையில் எது மறைகிறது என்பதை ஒரு கருவியை வைத்துப் பார்ப்போம். ஜிம்பாப்வேயில் ஷோனா மக்கள் வாசிக்கும் எம்பிராவை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு அடக்கமான ஒரு மரப்பலகை, அதன்மேல் இறுக்கிப் பொருத்திய 22 முதல் 28 வரையான உலோகப் பட்டைகள். இரண்டு கட்டைவிரல்களாலும் வலக்கை ஆள்காட்டி விரலாலும் அவற்றை மீட்டுவார்கள். ஒலி பெருகுவதற்காகப் பலகையைப் பெரிய சுரைக்குடுக்கைக்குள் பொருத்துவார்கள். பலகையிலும் குடுக்கையின் விளிம்பிலும் சிப்பிகளையோ சோடா பாட்டில் மூடிகளையோ கோத்திருப்பார்கள். பட்டை அதிரும்போது அவையும் அதிர்ந்து ஒரு கரகரப்பு எழும். முதன்முறை கேட்பவர் ஒலிபெருக்கியில் கோளாறு என்று நினைப்பார். விவரம் தெரியாத ஒலிப் பொறியாளர் அதைக் குறைக்கப் பார்ப்பார். ஷோனா காதுக்கோ அந்தக் கரகரப்பு இல்லாத எம்பிரா உப்பில்லாப் பண்டம். ஒருவர் தொடங்கும் பகுதியை வாசிக்க, இன்னொருவர் அதன் இடைவெளிகளில் தன் பகுதியைக் கோக்கிறார். இரண்டும் பின்னியதும், இருவரில் எவரும் தனியாக வாசிக்காத மெட்டுகள் கேட்கத் தொடங்குகின்றன. இந்த இசைக்குரிய இடம் 'பிரா' என்னும் இரவுச் சடங்கு. முன்னோரின் ஆவிகளை அழைக்க விடிய விடிய நடக்கும் அந்தச் சடங்கில் சும்மா உட்கார்ந்து கேட்பதற்கென்று ஒரு கூட்டம் கிடையாது. வந்தவர்கள் கைதட்டுகிறார்கள், விதைகள் நிறைந்த சுரைக்காய்களைக் குலுக்குகிறார்கள், பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். அந்த இசையை நாற்காலி வரிசைகளுக்கு எதிரே ஒரு மணி நேரம் வைத்தால் ஒலி வந்து சேரும். அந்த ஒலி செய்ய வந்த வேலை வாசலிலேயே நின்றுவிடும்.

ஆவணப்படம் தேவைப்படுவது இங்கேதான். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இசை இனவியல் துறையை வளர்த்த மேன்டில் ஹூட், 1964-ல் 'அதும்பான்' என்ற படத்தை எடுத்தார். கானாவின் அகான் மக்களுடைய பேசும் முழவுகள் எப்படி உருவாகின்றன, எங்கே முழங்குகின்றன என்பதே படத்தின் பொருள். அகான் மொழியில் சொல்லின் பொருளைக் குரலின் ஏற்ற இறக்கமும் தீர்மானிக்கிறது. ஓங்கிய ஒலி கொண்ட முழவும் தாழ்ந்த ஒலி கொண்ட முழவுமாக அமைந்த இணை அந்த ஏற்ற இறக்கத்தையே ஒலிக்கிறது. அரங்கில் வெறும் தாளமாகக் கேட்பது, அந்த ஊர்க்காரருக்கு வாக்கியமாகக் கேட்கிறது. மொசாம்பிக்கின் சோப்பி மக்கள் டிம்பிலா என்னும் மரக்கட்டை இசைக்கருவிகளைப் பெரும் குழுவாக வாசிக்கிறார்கள். இசை ஆய்வாளர் ஆண்ட்ரூ ட்ரேசியும் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஜான்ட்சிங்கரும் 1970களின் தொடக்கத்தில் அந்த இசையையும் நடனத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாகப் படமாக்கினார்கள். சோப்பி பாடல்கள் ஊர் நடப்பைப் பேசுபவை. வரிக் கொடுமை, கட்டாய உழைப்பு, தலைவரின் முறைகேடு எல்லாம் அவற்றில் கேலியாகவும் புகாராகவும் வரும். அந்த வரிகளைத் திரையில் படிக்காமல் டிம்பிலாவைக் கேட்பவர் இனிய தாள வாத்தியம் ஒன்றைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஒரு மக்கள் கூட்டத்தின் புகார் தன் காதில் விழுந்தது அவருக்குத் தெரியாது.

அரசியல் இன்னும் நேரடியாக இருக்கும் இடங்களில் இந்த இழப்பும் பெரிது. லீ ஹிர்ஷ் 2002-ல் வெளியிட்ட 'அமண்ட்லா!' என்ற படம் தென்னாப்பிரிக்க விடுதலைப் பாடல்களின் வரலாறு. அதில் வூயிசிலே மினி என்ற தொழிற்சங்கத் தலைவரின் எலும்புகளைத் தோண்டி எடுக்கும் காட்சி வருகிறது. மினி கனத்த குரல் கொண்ட பாடகர், பாடலாசிரியர். நிறவெறி அரசு 1964 நவம்பரில் பிரிட்டோரியா சிறையில் அவரைத் தூக்கிலிட்டது. பாடிக்கொண்டே தூக்குமேடைக்குப் போனார் என்று அவரை அறிந்தவர்கள் நினைவுகூர்ந்தார்கள். கேட்பாரற்றவர்களைப் புதைக்கும் குழியில் கிடந்த அவர் உடல் எச்சங்களுக்கு 1998-ல்தான் உரிய மரியாதையோடு மறு அடக்கம் நடந்தது. பிரதமர் வெர்வூர்டுக்கு எச்சரிக்கை விடுத்து அவர் அமைத்த பாடலின் மெட்டோ துள்ளலானது. அந்த மெட்டை மட்டும் கேட்ட அயல்நாட்டார் அதை மகிழ்ச்சிப் பாட்டு என்றே எடுத்துக்கொள்ள முடியும். அதே படத்தில் முன்னாள் கலவரத் தடுப்புப் போலீசார், ஆயுதம் இல்லாமல் ஆடிப் பாடி வந்த கூட்டத்தைக் கண்டு தாங்கள் அஞ்சியதைச் சொல்கிறார்கள். மாலியின் கதையும் இதற்கு நெருக்கமானது. 2012-ல் அந்நாட்டின் வடபகுதியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையைத் தடை செய்தன. தப்பித் தலைநகர் பமாகோவுக்கு வந்த இளைஞர்கள் அமைத்த குழுதான் 'சொங்காய் ப்ளூஸ்'. ஜொஹானா ஷ்வார்ட்ஸ் 2015-ல் எடுத்த ஆவணப்படம் அவர்களையும் அவர்களைப் போல ஊர் இழந்த கலைஞர்களையும் பின்தொடர்கிறது. படத்தைப் பார்த்தவருக்கு அந்தக் குழுவின் கிட்டாரைக் கேட்கையில் தடையுத்தரவும் நினைவிலிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, படத்தை மட்டும் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. படத்துக்கும் தன் குறைகள் உண்டு, சில வேளை அவை மேடையின் குறைகளைவிடக் கொடியவை. பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரூஷின் 'பித்தேறிய எஜமானர்கள்' 1955-ல் வந்தது. நைஜரிலிருந்து, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த அக்ராவுக்குப் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள், ஆளுநர், தளபதி, ரயில் ஓட்டுநர் போன்ற ஆவிகள் தங்கள்மேல் இறங்கியவர்களாக நடத்தும் சடங்கைப் படம் காட்டுகிறது. காலனி ஆட்சியைப் பகடி செய்யும் சடங்கு என்று அதைப் பிற்காலத்தில் பலர் விளக்கினார்கள். ஆனால் வாயில் நுரை தள்ளும் மனிதர்கள் திரையில் துடிக்க, பொருள் சொல்லும் குரல் முழுவதும் ரூஷுடையது. ஆடுகிறவர் எவரும் தன் செயலுக்குத் தானே பொருள் சொல்வதில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகள் படத்துக்குத் தடை விதித்தார்கள். ஆப்பிரிக்க மாணவர்களும் அறிவாளிகளும் வேறு காரணத்துக்காகக் கொதித்தார்கள். செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன், ஆப்பிரிக்கர்களைப் பூச்சிகளைப்போலப் பார்க்கிறீர்கள் என்று 1965-ல் ரூஷின் முகத்துக்கு நேரே சொன்னார். உரையாடலுக்கு வழியின்றி அந்தப் படத்தை இன்று ஒரு வகுப்பறையில் ஓடவிட்டால், செம்பேனின் குற்றச்சாட்டு அந்த வகுப்பறைக்கும் பொருந்தும்.

படத்தில் இருப்பவர் பார்வையாளருக்குப் பதில் சொல்ல முடியாது. மேடையில் இருப்பவர் சொல்வார், மறுப்பார், எரிச்சல்கூடப் படுவார். அதனால்தான் கச்சேரி படத்துக்குத் துணையாக வேண்டும் என்கிறேன். கானாவைச் சேர்ந்த இசை அறிஞர் கோஃபி அகாவு 1990களிலிருந்து எழுதிவரும் ஒரு விமர்சனத்தை இங்கே நினைக்க வேண்டும். ஆப்பிரிக்க இசை என்றால் தாளம்தான், அதுவும் அயலாருக்குப் பிடிபடாத சிக்கலான தாளம் என்ற எண்ணத்தை மேலை ஆய்வுலகம் கட்டியெழுப்பியது என்பது அவர் வாதம். பல படங்களின் ஒளிப்பதிவும் இந்த எண்ணத்துக்கே தீனி போடுகிறது. முழவில் அடிக்கும் கைகளை அண்மைக் காட்சியில் காட்டும் கேமரா, பாடலின் சொல்லுக்கும் பாடுபவரின் யோசனைக்கும் அவ்வளவு நேரம் தருவதில்லை. மாலியின் கோரா கலைஞர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து 21 நரம்புகளைக் கட்டைவிரல்களாலும் ஆள்காட்டி விரல்களாலும் மீட்டியபடி, இது எந்தக் குலத்தின் வரலாறு, என் தகப்பன் இதை எப்படி வாசித்தார், நான் எதை மாற்றினேன் என்று சொல்லும்போது அந்த எண்ணம் தானாகச் சரிகிறது. படத்தை எடுத்தவர் யார் என்பதும் முக்கியம். 2011-12-ல் செனகல் அதிபர் அப்துலாயே வாடின் மூன்றாம் முறைப் போட்டியை எதிர்த்த ராப் பாடகர்களைப் பற்றி ராமா தியாவ் எடுத்த 'புரட்சி தொலைக்காட்சியில் வராது' 2016-ல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது. அங்கே ஆப்பிரிக்கர் பேசுபொருளாக மட்டும் இல்லை, பேசுகிறவராகவும் இருக்கிறார்.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு ரசிகர்களுடையது. நல்ல இசைக்கு விளக்கம் எதற்கு, இசை தானே பேசாதா, படத்தைப் போட்டுப் பாடம் நடத்தினால் ரசனை செத்துவிடாதா என்பது. இதில் நியாயம் இருக்கிறது. முன்னுரையே முக்கால் மணி நேரம் ஓடும் கச்சேரியை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் வெறும் காதோடு எவரும் அரங்குக்கு வருவதில்லை. சுற்றுலா விளம்பரம், ஹாலிவுட், சிங்கமும் சூரிய அஸ்தமனமும் கொண்ட அட்டைப்படங்கள் எல்லாம் முன்பே காதில் குடியேறிவிட்டன. நாம் விளக்காமல் விட்டால் அவை விளக்கும். கேள்வி, விளக்கம் வேண்டுமா என்பதல்ல, எப்போது என்பது. முதலில் எந்த அறிமுகமும் இல்லாமல் அரைமணி நேரம் இசை, அடுத்து படம், பிறகு கலைஞரோடு உரையாடல், கடைசியில் மீண்டும் இசை என்று வரிசைப்படுத்தினால் ரசனைக்கும் குறைவில்லை, அறிவுக்கும் குறைவில்லை. முதல் பகுதியில் கோளாறாகப் பட்ட கரகரப்பைக் கடைசிப் பகுதியில் காது தேடிப் போகும்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. ஊரில் உயிரோடு இருக்கும் கலையைப் பிடுங்கி வந்து மேடையில் நடுவதே காலனிய வழக்கம், பல்கலைக்கழகம் அதைக் கௌரவமாகச் செய்கிறது என்பார்கள். வரலாறு இதற்குச் சான்றும் தருகிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜொஹானஸ்பர்க் தங்கச் சுரங்கங்களின் வளாகங்களில் ஞாயிறுதோறும் தொழிலாளர்களின் நடனம் நடந்தது. வெள்ளையரும் சுற்றுலாப் பயணிகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். சோப்பி டிம்பிலா குழுக்களும் அங்கே வாசித்தன. ஆட்டம் மேடையில் இருந்தது, சுரங்கமும் கூலியும் நோயும் பார்வைக்கு வரவில்லை. மேடை ஒன்றைக் காட்டுவதன் மூலமே இன்னொன்றை மறைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் இந்தச் சான்று என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லாமல் போனது சூழலைச் சொல்லும் குரல். அதைக் கொண்டுவருவதுதான் படத்தின் வேலை.

மேலும், பல்கலைக்கழக மேடை ஆப்பிரிக்காவுக்கு அந்நியமான ஒன்று என்று எண்ணுவது ஆப்பிரிக்கர்களின் சொந்த முயற்சிகளை மறப்பதாகும். கானா விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம் உருவானது. 1963-ல் அதன் தொடக்க விழாவில் அதிபர் குவாமே என்க்ருமாவே உரையாற்றினார். இசை அறிஞர் குவாபெனா என்கேட்டியாவும் நடன ஆசிரியர் மவெரே ஒப்போக்குவும் அங்கே 1962-ல் கானா நடனக் குழுவை உருவாக்கி, நாட்டின் பல இனங்களின் ஆட்டங்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். புதிய நாடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அந்த மேடை உதவியது. புலவாயோவின் குவானொங்கோமா இசைக் கல்லூரி 1960களில் பரப்பிய மரிம்பா என்னும் மரக்கட்டை இசைக்கருவியும் அப்படியே. அதை வாசிக்கும் வழக்கம் அன்று ஜிம்பாப்வேயில் எந்த இனத்துக்கும் தனியுரிமையாக இல்லை. அதனாலேயே எல்லாருக்கும் பொதுவான கருவியாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லூரியில் பிறந்த அந்தக் கருவி இன்று நாட்டின் பள்ளிகளெங்கும் ஒலிக்கிறது. தீண்டப்படாத தூய ஆப்பிரிக்கா என்பது தேடுபவரின் கற்பனை. 1950-ல் கென்யாவில் இசை ஆய்வாளர் ஹியூ ட்ரேசி பதிவு செய்த கிப்சிகிஸ் சிறுமிகளின் பாட்டில் 'செமிரோச்சா' என்றொருவர் வருகிறார். கிராமபோன் தட்டில் அவர்கள் கேட்ட அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஜிம்மி ராஜர்ஸ்தான் அவர். பாதி மனிதன், பாதி மான் என்று அவரைச் சிறுமிகள் தங்கள் கற்பனைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உலக இசைப் படிப்பைத் தொடங்கிய ராபர்ட் பிரவுன், மிருதங்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அவர் முயற்சியால் 1960களில் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியும் அவர் தம்பி மிருதங்கக் கலைஞர் ரங்கநாதனும் அங்கே கற்பித்தார்கள். பின்னர் இன்னொரு தம்பியான புல்லாங்குழல் கலைஞர் விஸ்வநாதனும் சேர்ந்தார். அதே இசைத் துறையில் கானாவின் முழவுக் கலைஞர் ஆபிரகாம் அட்ஸென்யா 1960களின் இறுதியில் சேர்ந்து, 2016-ல் ஓய்வு பெறும்வரை மேற்கு ஆப்பிரிக்க இசை கற்பித்தார். மிருதங்கமும் கானா முழவும் அயல்நாட்டு வளாகம் ஒன்றில் ஒரே துறையின் பாடங்களாயின. அதே பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் 1976-ல் 'பாலா' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பாலசரஸ்வதியின் நடனத்தை, தேவதாசி மரபின் வரலாற்றை விட்டுவிட்டுக் கண்ணுக்கு விருந்தாக மட்டும் பார்த்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? மாட்டோம். நம் கலைக்கு நாம் கேட்கும் அந்த மரியாதையை ஆப்பிரிக்கக் கலைக்கும் தர வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, ஒரு மாலை நிகழ்ச்சியால் என்ன மாறிவிடும் என்பது. ஒரு மாலையோடு நின்றால் பெரிதாக எதுவும் மாறாது, உண்மைதான். ஆனால் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. குவானொங்கோமாவில் பயின்ற டுமிசானி மராய்ரே 1968-ல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வருகைக் கலைஞராகப் போனார். 15 பட்டைகள் கொண்ட சிறிய எம்பிராவையும் மரிம்பாவையும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே குழுக்கள் தொடங்கினார்கள், அவர்களிடம் கற்றவர்கள் மேலும் குழுக்கள் தொடங்கினார்கள். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஜிம்பாப்வே இசை ஒரு சமூக வழக்கமாகவே வேரூன்றியது. 1990களின் தொடக்கத்தில் அதற்கென்று தனி விழாவும் பிறந்தது. மராய்ரேயின் படைப்புகள் 1992-ல் குரோனோஸ் குவார்ட்டெட் என்ற நரம்பிசைக் குழுவின் இசைத்தட்டிலும் இடம்பெற்றன. கலைஞரை ஒரு நாள் விருந்தாளியாக அழைப்பதற்கும் ஆசிரியராக அமர்த்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கடைசியாகப் பணமும் உரிமையும். 1939-ல் ஜொஹானஸ்பர்க்கில் சாலமன் லிண்டா 'எம்பூபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். அதன் மெட்டு அமெரிக்கா போய், 1961-ல் வேறு சொற்களோடு உலகப் புகழ் பெற்று, பிறகு 'லயன் கிங்' வரை வந்தது. லிண்டா 1962-ல் ஏழையாக இறந்தார். அவர் மகள்களின் நிலையை ஃபிரான்ஸ்வா வெர்ஸ்டர் 2002-ல் 'சிங்கத்தின் தடம்' என்ற ஆவணப்படத்தில் காட்டினார். வழக்குக்குப் பிறகு 2006-ல்தான் குடும்பத்துக்கு இழப்பீடும் உரிமைத்தொகையும் கிடைக்க வழி பிறந்தது. அந்தப் பாட்டைக் கல்லூரிப் பாடகர் குழு பாடுவதில் தவறில்லை. லிண்டாவின் பெயரைச் சொல்லாமல் பாடுவது தவறு. ஒலிப்பதிவுகளைச் சேர்த்துவைத்த நிறுவனங்களும் இந்தக் கணக்கைத் தீர்க்கத் தொடங்கியிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் பன்னாட்டு ஆப்பிரிக்க இசை நூலகம், 1954-ல் ஹியூ ட்ரேசி நிறுவியது. அவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த பதிவுகளை, கென்ய அமைப்புகளோடு சேர்ந்து, பாடிய ஊர்களுக்கே திருப்பித் தரும் பணியை அது 2010களில் மேற்கொண்டது. கிப்சிகிஸ் ஊர்களும் அவற்றில் அடக்கம்.

ஆகவே பல்கலைக்கழகங்களில் விழா ஏற்பாடு செய்பவர்களுக்கும் அதற்கு நிதி ஒதுக்குபவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஆப்பிரிக்க இசைக்கு நாள் குறிக்கும்போது, அந்த இசையின் ஊரையும் வரலாற்றையும் காட்டும் ஆவணப்படத்துக்கும் அதே நாளில் இடம் ஒதுக்குங்கள். கூடுமானவரை ஆப்பிரிக்கர் எடுத்த படமாகத் தேடுங்கள். படம் முடிந்ததும் ஒலிவாங்கியை முதலில் கலைஞரிடம் கொடுங்கள், பேராசிரியர் பிறகு பேசட்டும். திரையிடல் உரிமைக்கும் கலைஞரின் உழைப்புக்கும் முழுத் தொகை தாருங்கள். பதிவு செய்தால் ஒரு பிரதி அவர்கள் ஊருக்குப் போகட்டும். இவற்றுக்கு நேரமோ பணமோ இல்லையென்றால் அந்த ஆண்டு விழாவைத் தள்ளி வையுங்கள். அரைகுறையாகக் காட்டுவதைவிட அடுத்த ஆண்டு முறையாகக் காட்டுவது மேல்.